எந்த ஊர், எந்த மாதம்? போர்க்கால யூதச் சிறுவர் நாவல்களைப் பிள்ளைகளோடு வாசிப்பது எப்படி

என் அக்கா மகளுக்குப் பத்து வயதானபோது நான் வாங்கிக் கொடுத்தது ஜான் பாய்ன் எழுதிய 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்'. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு முகாம் வேலியின் இரண்டு பக்கமும் இருந்த இரண்டு பையன்களின் நட்புதான் கதை. 2006இல் வந்த நாவல், உலகமெங்கும் விற்றது, சினிமாவாகவும் வந்தது, கடைக்காரர் சின்னப் பிள்ளைகள் அடுக்கிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார், நானும் அட்டையைப் பார்த்து வாங்கிவிட்டேன். இரண்டே நாளில் முடித்துவிட்டு அழுதாள். சரி, நல்ல புத்தகம் போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமை கூட. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்: "சித்தி, வேலிக்கு அடியில புகுந்து அந்தப் பையன் உள்ள போக முடியும்னா, உள்ள இருந்தவங்க எல்லாரும் ஏன் அதே வழியா வெளிய வரல?"

என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் புத்தகத்திலேயே பதில் இல்லை. ஆஷ்விட்ஸ் என்பது ஹிட்லரின் நாஜிக் கட்சி ஆட்சி யூதர்களை அடைத்துக் கொன்ற முகாம். அதன் வேலியில் மின்சாரம் ஓடியது, காவல் கோபுரங்களில் துப்பாக்கியோடு ஆட்கள் நின்றார்கள். அங்கே ரயிலில் வந்து இறங்கிய யூதக் குழந்தைகளில் பெரும்பாலோரை உடனே விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நாள் தவறாமல் வேலியோரம் வந்து உட்கார்ந்து நண்பனோடு பேசிக்கொண்டிருக்க வழியே இல்லை. இந்தப் பக்கத்துப் பையனோ நாஜித் தளபதியின் மகன், ஆனால் யூதர் என்றால் யார் என்றே அவனுக்குத் தெரியாதாம். ஹிட்லர் ஆட்சியில் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு அந்த வெறுப்புதான் பாடமே. 2020 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் நினைவகமே, இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் இந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. ஆசிரியர் தன் பங்குக்கு இது நீதிக்கதை மாதிரியான கற்பனை என்கிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

அதற்கப்புறம் இந்த வகைப் புத்தகங்களை எடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு வாசிப்பு நடக்கிறது, அங்கே பழகிப் பார்த்துத் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாற்று ஆசிரியர் கிடையாது நான், வாசிக்கிற ஆள், அவ்வளவுதான்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் கேட்பது இரண்டு கேள்விகள். கதை எந்த ஊரில் நடக்கிறது? எந்த வருடம், எந்த மாதம்?

கேட்டால் சாதாரணமாக இருக்கும். ஆனால் இந்த வரலாற்றில் ஒரு யூதக் குழந்தையின் கதி முழுக்க முழுக்க அந்த இரண்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 1933இல் பெர்லினிலிருந்து ரயிலேறி சுவிட்சர்லாந்து போய்விட முடிந்தது. 1941 அக்டோபரில் யூதர்கள் ஜெர்மனியை விட்டு வெளியேறவே தடை வந்துவிட்டது. 1942 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த குடும்பத்துக்கு, யாராவது நம்பகமானவர்கள் துணைக்கு இருந்தால், ஒளிந்துகொள்வதுதான் மிச்சம் இருந்த வழி. 1943 செப்டம்பர் தொடக்கத்தில் கோபன்ஹேகனில் யூதப் பிள்ளைகள் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள், அதே மாதம் போலந்தின் வார்சாவில் யூதர்களைச் சுவருக்குள் அடைத்து வைத்த கெட்டோ இருந்த இடம் இடிபாடாகக் கிடந்தது. "போர்க்காலத்தில் யூதர்கள் துன்பப்பட்டார்கள்" என்று மொத்தமாகச் சொல்கிற நாவல் பிள்ளைக்கு எதையும் சொல்லிக்கொடுக்காது, துக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே நின்று கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். இப்படிப்பட்ட நல்ல நாவல்களில் பெரும்பாலும் ஆசிரியர் பின்னுரை ஒன்று இருக்கும், எது நிஜம் எது நான் கட்டியது என்று அதில் பிரித்துச் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் உடனே கீழே வைத்துவிட வேண்டாம், கொஞ்சம் கூடுதல் சந்தேகத்தோடு படியுங்கள். அப்புறம் சின்னச் சின்ன விவரங்களைப் பாருங்கள். எனக்குப் பிடித்த சோதனை நட்சத்திரம். ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் அடையாளமாகச் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்ற உத்தரவு வந்தது 1941 செப்டம்பரில், நெதர்லாந்தில் 1942 மே மாதம். வார்சாவில் அதற்கெல்லாம் முன்பே, 1939 டிசம்பரிலிருந்து, கையில் வெள்ளைப் பட்டை, அதில் நீல நட்சத்திரம். டென்மார்க்கில் அந்த உத்தரவு கடைசி வரை வரவே இல்லை. டென்மார்க் மன்னரே மஞ்சள் நட்சத்திரம் அணிந்து குதிரையில் போனார் என்று ஒரு அழகான கதை ஊரெல்லாம் உலவுகிறது, நிஜமில்லை அது. ஆகவே 1938 பெர்லினில் நட்சத்திரத்தோடு ஒரு சிறுமி நடந்தால், அல்லது வார்சாத் தெருவில் மஞ்சள் நட்சத்திரம் தெரிந்தால், எழுதியவர் அவசரத்தில் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். இந்த விவரத்திலேயே கோட்டைவிட்டவரை மற்றதில் எப்படி நம்புவது?

எங்கிருந்து தொடங்குவது? முகாமிலிருந்து தொடங்காதீர்கள், இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி. ரயில், வேலி, புகைபோக்கி எல்லாம் கதையின் முடிவு. முடிவை முதலில் காட்டிவிட்டால், எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியே பிள்ளைக்கு எழாது.

எட்டு ஒன்பது வயதுக்கு ஜூடித் கெர் எழுதிய 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்', 1971இல் வந்தது. அவரே 1923இல் பெர்லினில் பிறந்தவர், அப்பா ஆல்ஃபிரட் கெர் பேர்போன நாடக விமர்சகர், நாஜிகளைக் கிண்டலடித்து எழுதியதால் 1933இல் குடும்பமே ஊரைவிட்டு ஓட வேண்டியதாகி சுவிட்சர்லாந்து, பாரிஸ், கடைசியில் லண்டன் என்று போய்ச் சேர்ந்தது. கதையில் வரும் அன்னாவும் அதே வழியில்தான் போகிறாள். கிளம்பும்போது ஒரே ஒரு பொம்மை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். புதிதாக வந்த நாய் பொம்மையை எடுத்துக்கொண்டு, பழைய இளஞ்சிவப்பு முயலை, திரும்பி வந்துவிடுவோமே என்று விட்டுவிட்டுப் போகிறாள். அந்த 'திரும்பி வந்துவிடுவோம்' இருக்கிறதே, அதில் இருக்கிறது முழுக் கதையும். ஜூடித் கெரின் எட்டு வயது மகன் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தைப் பார்த்துவிட்டு, அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இப்படித்தான் இருந்ததா, இப்போது தெரிந்துவிட்டது என்றானாம், ஐயோ அப்படி இல்லையடா என்று சொல்லத்தான் இதை எழுதினாராம். எனக்கு இந்தக் காரணம் ரொம்பப் பிடிக்கும்.

சண்டை இல்லை, கொலை இல்லை, புது ஊரில் புது மொழி தெரியாமல் வகுப்பில் முழிப்பதுதான் பெரும்பகுதி. ஆனாலும் பெரியவர்கள் முன்கூட்டியே படித்து வைக்க வேண்டிய ஒரு இடம் உண்டு: ஜூலியஸ் மாமா. பாட்டி ஒருத்தி யூதர் என்பதற்காக அவருடைய வேலை போகிறது, அப்புறம் மிருகக்காட்சி சாலைக்குள் போய்வர வைத்திருந்த அனுமதிச் சீட்டையும் பறித்துக்கொள்கிறார்கள். அவர் தற்கொலை செய்துகொள்கிறார். ஒரு மிருகக்காட்சி சாலைச் சீட்டுக்காகவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஆட்சி வேலை செய்த விதமே அப்படி: ஒரே நாளில் வீட்டுக்குள் புகுந்து கொல்லவில்லை. இன்றைக்கு நீச்சல் குளம் கூடாது, நாளைக்கு டிராம் கூடாது, சைக்கிளைக் கொண்டுவந்து ஒப்படை, பூங்கா பெஞ்சில் உட்காராதே, 1942 மே மாதத்தில் ஜெர்மனியில் யூதர்கள் நாய் பூனை வளர்க்கக்கூடாது. நாய் வளர்க்கிற பிள்ளைக்கு இந்தக் கடைசி வரியைச் சொல்லிப் பாருங்கள், வேறு விளக்கமே தேவைப்படாது.

அடுத்தது பத்து பதினொரு வயதுக்கு லோயிஸ் லௌரியின் 'நம்பர் த ஸ்டார்ஸ்', 1989. இதற்குத்தான் நாங்கள் அதிக நாள் எடுத்துக்கொண்டோம், ஆறு ஞாயிறு. ஜெர்மனி பிடித்து வைத்திருந்த டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பத்து வயது ஆன்மேரி, அவளுடைய யூதத் தோழி எலன். ஒரு ராத்திரி ஜெர்மன் சிப்பாய்கள் கதவைத் தட்ட, எலன் கழுத்தில் யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரப் பதக்கம், கழற்ற வரவில்லை, ஆன்மேரி ஒரே இழுப்பில் அறுத்து உள்ளங்கையில் மூடிக்கொள்கிறாள். சிப்பாய்கள் போனபின் கையைத் திறந்தால் நட்சத்திரம் உள்ளங்கையில் அச்சாகப் பதிந்திருக்கிறது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். அடுத்த வாரம் எல்லாரும் ஐந்து நிமிடம் முன்னாடியே வந்துவிடுவார்கள், நான் பார்த்தது இது.

இந்த நாவலுக்குப் பின்னால் இருக்கும் நிஜம் நாவலுக்கு இணையாகவே விறுவிறுப்பு. ஜெர்மன் தூதரகத்தில் கப்பல் விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கேயார்க் டுக்விட்ஸ் என்ற அதிகாரியே, யூதர்களைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற செய்தியை டேனிஷ் அரசியல்வாதிகளிடம் கசியவிட்டார். 1943 செப்டம்பர் 29 காலை, யூதப் புத்தாண்டுக்கு முந்தின நேரம், ஜெப ஆலயத்துக்கு வந்தவர்களிடம் ரப்பி (யூத மதகுரு) மார்க்குஸ் மெல்கியோர் வழிபாட்டை நிறுத்திவிட்டு, உடனே போய் ஒளிந்துகொள்ளுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்றார். அடுத்த சில வாரங்களில் 7,000க்கும் மேற்பட்டோர் மீன்பிடிப் படகுகளில் கடலைக் கடந்து ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்கள். சிக்கியவர்கள் 470 பேர் அளவில், அவர்களைத் தெரேசியன்ஸ்டாட் கெட்டோவுக்குக் கொண்டுபோனார்கள். நாவலில் ஆன்மேரியின் மாமா மீன் பிடிக்கிற கில்லலையே என்ற ஊரில் நிஜமாகவே ஒரு சோகமும் நடந்தது, தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த எண்பது பேர் போலப் பிடிபட்டார்கள். நாவல் அதைச் சொல்லவில்லை, நீங்கள் சொல்லலாம், பெரிய பிள்ளைகளுக்கு. மோப்ப நாய்களை ஏமாற்றக் காய்ந்த ரத்தமும் கொக்கெய்னும் தடவிய கைக்குட்டை ஒன்று கதையில் வரும், பிள்ளைகள் இது சுத்தக் கதை என்று அடித்துச் சொல்வார்கள். பின்னுரையைத் திறந்து காட்டுங்கள், அது உண்மையில் செய்யப்பட்டது என்று லௌரி எழுதியிருப்பார். எங்கள் கூட்டத்தில் ஒருவன் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஆன்மேரி யூதர் இல்லை. இந்த வகை நாவல்களில் இப்படி நிறைய உண்டு: காப்பாற்றுகிறவர் கதாநாயகி, யூதக் குழந்தை பக்கத்தில் பயந்து நிற்கும். இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால், ஐரோப்பா முழுக்க அண்டை வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். டென்மார்க் விதிவிலக்கு. அதனால்தான் மூன்றாவது புத்தகம் அவசியம்.

ஊரி ஓர்லெவின் 'தி ஐலண்ட் ஆன் பேர்ட் ஸ்ட்ரீட்', 1981இல் ஹீப்ருவில் எழுதியது, ஆங்கிலத்தில் கிடைக்கும். பன்னிரண்டு வயதுக்கு முன் வேண்டாம். ஆள் இல்லாமல் போன கெட்டோவில், இடிந்த ஒரு வீட்டின் மேல்தளத்தில், பதினொரு வயது அலெக்ஸ் தன் வெள்ளை எலியோடு அப்பாவுக்காகக் காத்திருக்கிறான். கயிற்று ஏணி செய்கிறான், காலி வீடுகளில் சாப்பாடு தேடுகிறான், ராபின்சன் குரூசோவைப் படித்துவிட்டுத் தன்னையும் தீவில் மாட்டியவனாக நினைத்துக்கொள்கிறான். இந்தப் பையன் பரிதாபத்துக்குரியவன் அல்ல, கெட்டிக்காரன். ஒரு கட்டத்தில் ஒரு சிப்பாயைச் சுட்டும்விடுகிறான், அது லேசான காட்சி இல்லை, முதலில் நீங்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஓர்லெவ் 1931இல் வார்சாவில் பிறந்து, கெட்டோவில் தம்பியோடு வளர்ந்து, அம்மாவை இழந்து, பெர்கன்-பெல்சன் முகாமிலும் இருந்தவர். 1996இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது வாங்கினார். குழந்தையாக அதற்குள் இருந்த ஒருவர் எழுதினால் சோகத்தின் நடுவே விளையாட்டும் எப்படி வருகிறது என்று இதில் பார்க்கலாம்.

ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் எங்கே என்று கேட்பீர்கள். அது நாவல் இல்லை, நாட்குறிப்பு. இந்த மூன்றுக்கும் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் 1942 ஜூலை 6 அன்று அந்தக் குடும்பம் ஏன் மழையில் நடந்தே போனது, ஏன் டிராமில் ஏறவில்லை என்பது பிள்ளைக்குத் தானாகப் புரியும்.

இனி நம் ஊர்ப் பிள்ளைகளோடு படிக்கும்போது வருகிற சிக்கல்கள். வெளிநாட்டு வழிகாட்டி எதிலும் இவை இருக்காது.

முதலாவது, நம் வீடுகளில் ஹிட்லர் என்பது பட்டப்பெயர். கண்டிப்பான அப்பா ஹிட்லர், கணக்கு வாத்தியார் ஹிட்லர், ஹாஸ்டல் வார்டன் ஹிட்லர். நடைபாதைப் புத்தகக் கடையில் தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்தில் ஹிட்லர் வரலாறு கிடக்கும். ஆகவே பிள்ளை மனதில் அந்த ஆள் கொஞ்சம் கோபக்காரப் பெரிய மனுஷன். முதல் நாளே இதைப் பேசிவிடுங்கள், கொன்ற எண்ணிக்கையைச் சொல்லி: 60 லட்சம் யூதர்கள், அதில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள்.

இரண்டாவது, ஸ்வஸ்திகம். கல்யாணப் பத்திரிகையில், புதுக் கணக்கு நோட்டில், வாசலில் பார்த்த சின்னம் புத்தக அட்டையில் இருந்தால் பிள்ளை குழம்பத்தான் செய்யும். எங்கள் மாடியில் ஒரு பெண், "அப்ப எங்க தாத்தா கடையில இருக்கறது?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அது பல ஆயிரம் வருடப் பழைய மங்கலக் குறி, நாஜிகள் அதை எடுத்துச் சாய்த்து, சிவப்புக் கொடியில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பாக வைத்துக்கொண்டார்கள் என்று தாளில் வரைந்து காட்டினால் போதும். இன்னொன்றும் சொல்லுங்கள்: தப்பிப் பிழைத்த ஒருவருக்கு அதைப் பார்த்தால் வருகிற நடுக்கம் நிஜம், தாத்தா கடையில் இருப்பதும் தப்பில்லை.

மூன்றாவது, யூதர் என்ற சொல். நம் பிள்ளைகளில் பலர் அந்தச் சொல்லைப் பைபிள் கதையிலோ, பள்ளிப் பாடத்தில் ஷைலாக் என்ற வட்டிக்காரனிடமோதான் முதலில் சந்திக்கிறார்கள். கந்துவட்டிக்காரனுக்கு ஷைலாக் என்றே பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பழைய பிம்பமேதான் வெறுப்புப் பிரச்சாரத்துக்கு எரிபொருளாக இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். நீளமாக வேண்டாம், இரண்டு நிமிடம்.

நான்காவது, முகாம். கண் சிகிச்சை முகாம், என்.எஸ்.எஸ். முகாம், அகதிகள் முகாம் எல்லாமே நமக்கு முகாம்தான். தமிழில் நாஜி முகாம் எல்லாவற்றையும் வதை முகாம் என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். கெட்டோ என்பது ஊருக்குள் சுவர் எழுப்பி அடைத்த பகுதி; வார்சாவில் மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்குள் நான்கு லட்சம் பேருக்கு மேல். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் மாதிரி, வேறு முகாம்களுக்கு ரயிலேற்றும்வரை அடைத்து வைத்த இடங்கள் வேறு. ட்ரெப்ளிங்கா கொல்வதற்கென்றே கட்டியது. ஆஷ்விட்ஸில் அடிமை வேலையும் கொலையும் சேர்ந்தே நடந்தன. நாவலில் எது வருகிறதோ அந்தப் பெயரை மட்டும் சொல்லிக்கொடுங்கள், பட்டியல் போட்டு ஒப்பிக்க வைக்காதீர்கள்.

வாசிக்கிற முறை: இந்தப் புத்தகங்கள் எங்களிடம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பக்கம் ஆங்கிலத்தில் சத்தமாக வாசிப்பது, பேசுவதெல்லாம் தமிழில். ஒரு உட்காருக்கு இரண்டு அத்தியாயம், முக்கால் மணி நேரம், அதற்கு மேல் போனால் கீழே கிரிக்கெட் சத்தம் ஜெயித்துவிடும். ராத்திரி தூங்கப் போகும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். சுவரில் ஐரோப்பா வரைபடம், ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் எடுத்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சீட்டு: ஊர், மாதம், பிள்ளையின் பெயர், வயது. கதை நகர நகரச் சீட்டையும் நகர்த்துவோம், அன்னா பெர்லினிலிருந்து ஜூரிச், ஜூரிச்சிலிருந்து பாரிஸ். பக்கத்தில் வருடக் கோடு ஒன்று, அதில் பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதிகளும் இருக்கும். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பயத்தில் மெட்ராஸே காலியானதை எழுதியிருக்கிறோம், ஒரு பையனின் கொள்ளுப்பாட்டி அப்போது திருச்சிக்கு ரயிலேறியவராம். அந்தக் கோட்டில் அந்த ஒரு புள்ளி வந்தபின், 1942 என்பது அவனுக்குப் பரீட்சை வருடமாக இல்லை.

கேள்விகள் வரும், எல்லா இடத்திலும் அதே கேள்விகள்தான். "ஏன் வேற நாட்டுக்குப் போகல?" கதவு திறந்திருந்தால்தானே? 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடிப் பேசின, அனுதாபம் நிறைய, இடம் கொடுக்க முன்வந்தவர் ஏறக்குறைய யாருமில்லை. 1939 மே மாதம் செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு ஹாம்பர்க்கிலிருந்து கியூபா போனது, மிகச் சிலரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை, அமெரிக்காவும் விடவில்லை, கப்பல் திரும்ப ஐரோப்பாவுக்கே வந்தது. திரும்பியவர்களில் 254 பேர் பின்னால் கொல்லப்பட்டார்கள். பிரிட்டன் 1938 டிசம்பரிலிருந்து போர் தொடங்கும்வரை சுமார் 10,000 பிள்ளைகளை ரயிலில் வரவழைத்துக்கொண்டது, ஆனால் அப்பா அம்மா இல்லாமல். இதைச் சொன்னபோது மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"ஏன் திருப்பி அடிக்கல?" அடித்தார்கள். 1943 ஏப்ரல் 19 அன்று வார்சா கெட்டோவில் கிளர்ச்சி தொடங்கி, கைத்துப்பாக்கியும் நாட்டு வெடியும் வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்குக் கிட்ட ராணுவத்தை நிறுத்தினார்கள், மொர்தெகாய் அனிலெவிச் என்ற தலைவனுக்கு இருபத்து நான்கு வயதுதான். ஆனால் துப்பாக்கியை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சுவரின் ஓட்டை வழியாக ரொட்டியும் உருளைக்கிழங்கும் கடத்தி வீட்டைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயதுதான்.

"நேதாஜி ஹிட்லருக்குக் கை கொடுத்தாரே?" இதைத் தவிர்க்க முடியாது, அந்தப் படம் எல்லாப் பிள்ளைகளும் பார்த்தது. நான் சொல்வது இதுதான்: கொடுத்தார், 1942 மே மாதக் கடைசியில். இங்கே வெள்ளைக்காரனை விரட்ட ஆள் தேடிப் போனார். நம் கோட்டில் பாருங்கள், அதே மே மாதம்தான் நெதர்லாந்தில் நட்சத்திர உத்தரவு, அதே மாதம்தான் ஜெர்மனியில் யூதர் வீட்டு நாய் பூனைகள் பறிபோனது. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு பேசலாம். வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

செய்யக்கூடாதது ஒன்று, நானே செய்து பட்டது. அன்னாவின் முயலைப் படித்த வாரம், "பத்து நிமிஷம் டைம், ஒரே பெட்டி, என்ன எடுத்துட்டுப் போவீங்க?" என்று ஒரு விளையாட்டு வைத்தேன். பல இடங்களில் வைக்கிறார்கள், புத்திசாலித்தனமாகப் பட்டது. டேப்லெட், சார்ஜர், பேட், மேகி பாக்கெட் என்று ஒரே கும்மாளம். ஒரு பையன் மட்டும் எழுதவில்லை. என்னடா என்றால், "எங்க அம்மம்மா படகுல வரேக்க செருப்புக் கூட இல்ல" என்றான். 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து ராமேஸ்வரம் வந்து சேர்ந்த குடும்பம் அவனுடையது, எனக்கு அது தெரியும், தெரிந்தும் யோசிக்காமல் விட்டிருக்கிறேன். நட்சத்திரம் குத்திக்கொண்டு நடிப்பது, இருட்டறையில் ஒளிந்து பார்ப்பது, நீ நாஜி நான் யூதன் என்று நாடகம் போடுவது, எதுவும் வேண்டாம். அந்தப் பயத்தை நடித்துப் புரிந்துகொள்ள முடியாது, விளையாட்டாகிவிடும், இல்லையென்றால் நிஜமாகவே பட்ட ஒரு பிள்ளையைக் கிளறிவிடும். பிணக்குவியல் புகைப்படங்களையும் காட்டாதீர்கள்.

நடிப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, மூன்று புத்தகமும் முடித்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். வார்சா கெட்டோவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற டாக்டர், பிள்ளைகளுக்காகக் கதை எழுதியவரும் கூட, அநாதை இல்லம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். 1942 ஜூலை 18 அன்று அந்தப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். நம் தாகூர் எழுதிய 'டாக் கர்', தபால் நிலையம். நோயாளிப் பையன் அமல் அறைக்குள் அடைபட்டு, ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டு, ராஜாவின் கடிதத்துக்காகக் காத்திருப்பான். நான்கே நாளில், ஜூலை 22 அன்று, வார்சாவிலிருந்து ட்ரெப்ளிங்காவுக்கு ரயில்கள் கிளம்பத் தொடங்கின. ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த இல்லத்தின் 200 பிள்ளைகள் போல அழைத்துச் செல்லப்பட்டார்கள். தப்பிக்க வாய்ப்பு கிடைத்தும் கோர்ச்சாக் மறுத்துவிட்டு அவர்களோடேயே போனார். தாகூரின் நாடகத்தை வீட்டில் வைத்திருப்பவர்கள் அந்த வாரம் அதையும் சேர்த்து வாசிக்கலாம். நாங்கள் வாசித்தோம்.

படம் வரைகிற பிள்ளைகள் இருந்தால் தெரேசியன்ஸ்டாட் ஓவியங்களைத் தேடிக் காட்டுங்கள். ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் அந்தக் கெட்டோவில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்படுவதற்கு முன் 4,500 அளவிலான படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்துவிட்டுப் போனார். இன்று அவை பிராக் நகர யூத அருங்காட்சியகத்திடம் இருக்கின்றன. பட்டாம்பூச்சி, சாப்பாட்டு மேசை, வீடு என்று எந்தப் பிள்ளையும் வரைகிற படங்கள்தான் நிறைய.

அப்புறம் அந்தப் பைஜாமா புத்தகம். வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், ஒளித்துவைக்கவும் வேண்டாம், ஒளித்துவைத்தால் அதைத்தான் முதலில் படிப்பார்கள். கடைசியாக வையுங்கள், கையில் பென்சிலோடு. என் அக்கா மகளுக்கு இப்போது பதினான்கு முடியப்போகிறது. போன லீவில் அதை மறுபடி எடுத்து ஓரமெல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறாள்: "கரண்ட் எங்கே?", "ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருப்பாங்களே", "காவல்காரன் லீவா?" முதல் பக்கத்தில் எங்கள் வழக்கப்படி ஒரு சீட்டும் ஒட்டியிருந்தாள். நாவலில் ஆஷ்விட்ஸ் என்ற பெயர் நேராக வரவே வராது, அந்தப் பையன் வாயில் அது 'அவுட்-வித்' என்றாகிவிடும். சீட்டில் இப்படி எழுதியிருந்தாள்: "ஊர்: பேரை மாத்திட்டாங்க. மாதம்: தேடிட்டு இருக்கேன்."